சதாசிவன் சார் சந்தேகப்பட்ட காசோலைகள்

மேடையில் அமர்ந்திருக்கும் வங்கித் தலைவர் அவர்களே, செயலாளர் ஸ்ரீஹரி அவர்களே, இயக்குநர் குழு உறுப்பினர்களே, முன்வரிசையில் இருக்கும் சதாசிவன் சாரின் மனைவி சங்கரி அம்மா அவர்களே, உறவினர்களே, கொல்லயிலிலிருந்தும் பெருங்கடவிளையிலிருந்தும் திருப்புறத்திலிருந்தும் வேலை நாளென்றும் பாராமல் இந்த வாசகசாலைக் கூடத்துக்கு வந்திருக்கும் கணக்குதாரர்களே, உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன் பேசிய ஆறு பேரில் ஐந்து பேர் மலையாளத்தில் பேசினார்கள். நான் தமிழில் பேசுகிறேன். சதாசிவன் சார் வீட்டில் பேசிய மொழி அது. கோபம் வந்தால் ஆபீசில் பேசியதும் அதுதான்.

என் பெயர் அனகா. புளிமூட்டுவிளை கூட்டுறவு வங்கியில் ஏழு ஆண்டுகளாக இளநிலை எழுத்தராக இருக்கிறேன். சாரின் மேசைக்கு அடுத்த மேசை என்னுடையது. மேடையில் பேசிப் பழக்கமில்லை. ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் முடியாது. முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் கையில் ஓர் இரங்கல் தீர்மானம் கொடுத்திருக்கிறார்கள். நல்ல தாளில் அச்சடித்திருக்கிறது. அதன் மூன்றாவது வாக்கியத்தைப் பாருங்கள். "மறைந்த தலைமை எழுத்தர் திரு. சதாசிவன் பிள்ளை அவர்கள் வங்கியின் நவீனமயமாக்கலுக்கு முழு ஒத்துழைப்பு நல்கியவர்." இதை நான் மூன்று முறை வாசித்தேன். மூன்று முறையும் எனக்குச் சந்தேகம் வந்தது. உண்மையாகவா? சார் இருந்த மூன்றாம் கவுண்டரின் முன்னால் வரிசையில் நின்று சலித்துப்போன நீங்கள் சொல்லுங்கள். அவரா முழு ஒத்துழைப்பு நல்கினார்?

சதாசிவன் சார் சந்தேகப்படுகிறவர். காகிதத்தைச் சந்தேகப்படுவார். திரையைச் சந்தேகப்படுவார். திருவனந்தபுரத்திலிருந்து வரும் சுற்றறிக்கையைச் சந்தேகப்படுவார். ஊரில் அவருக்கு 'சம்சயம் சார்' என்று பெயர் உண்டு. அது தனக்குத் தெரியாது என்று அவர் ஒருபோதும் நடிக்கவில்லை. போனை எடுத்ததும், "ஆமா, சம்சயம் தான் பேசுகது, சொல்லு" என்பார்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், நம் வங்கிக்கு இயந்திரம் படிக்கும் காசோலைகள் வந்தன. அதற்கு முன்பு காசோலைகள் நெய்யாற்றின்கரையிலிருந்து துணிப்பையில் பஸ்ஸில் வரும். சார் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, பெருவிரலால் தடவிப் பார்ப்பார். புதிய முறையில் காகிதம் பயணம் செய்வதில்லை. அதை முதலில் வாங்கிய வங்கியிலேயே அது தங்கிவிடும். நமக்கு அதன் படம் மட்டும் வரும். காசோலையின் அடியில் ஒரு வெள்ளைப் பட்டை இருக்கிறது அல்லவா? அதில் காந்த மையால் அச்சடித்த எண்கள் இருக்கும். இயந்திரம் அந்தப் பட்டையைப் படித்து, இது எந்த ஊர், எந்த வங்கி, எந்தக் கிளை, எத்தனையாவது தாள் என்று கண்ணிமைக்கும் நேரத்தில் பிரித்துவிடும்.

இதற்கான பயிற்சி வகுப்புக்குச் சார் போயிருந்தார். அங்கே நடந்ததை அவரே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். இந்தக் கூடத்தில் பாதிப் பேருக்கு மனப்பாடமாகத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன்.

சார் எழுந்து நின்று கேட்டாராம். "செக்கு யாருக்கு எழுதியிருக்குண்ணு அந்த மெஷின் படிக்குமா?"

"இல்லை, அதை ஆள்தான் பார்க்க வேண்டும்" என்றார் பயிற்சியாளர்.

"எவ்வளவு ரூவாண்ணு?"

"அதையும் ஆள் பார்த்துத்தான் தட்ட வேண்டும்."

"கையெழுத்து?"

"அதுவும் ஆள்தான்."

"அப்போ மெஷின் என்னத்தையாக்கும் படிக்கும்?"

"பணத்தை எந்த இடத்திலிருந்து எடுக்க வேண்டும் என்பதைப் படிக்கும்."

சார் உட்கார்ந்துகொண்டே பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாராம். "பாத்தியா? எடுக்க வேண்டிய எடம் மட்டும் அதுக்குத் தெளிவாட்டுத் தெரியும்."

இதைச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் வேலையில் குறை வைத்தாரா? இல்லை. புதிய காசோலைப் புத்தகம் வாங்க வந்த ஒவ்வொருவரையும் நிறுத்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். வெள்ளைப் பட்டையில் பேனா படக்கூடாது. மடிக்கக்கூடாது. எண்ணெய் படக்கூடாது. சரஸ்வதி பூஜைக்கு வைத்தால் சந்தனம் தொட்டு வைக்கக்கூடாது. முதல் வருடம் கோவில் கமிட்டியின் காசோலைகள் எல்லாம் சந்தனத்தோடு வந்து, நகரத்து இயந்திரம் அவ்வளவையும் துப்பிவிட்டது.

அந்த முதல் வருடத்தில்தான் லீலாபாய் அக்காவின் சம்பவமும் நடந்தது. திருப்புறத்தில் ஏத்தவாழைக்காய் வற்றல் வறுத்து விற்கும் லீலாபாய் அக்கா இதோ நடுவரிசையில் இருக்கிறார். அக்கா, தலையைக் குனியாதீர்கள். நான் அப்போது இல்லை. சார் நடித்துக் காட்டியதைத்தான் சொல்கிறேன்.

அக்கா எண்ணெய் வியாபாரிக்கு எழுதிய முதல் காசோலை, போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டது. சார் அக்காவை வரச் சொன்னார்.

"லீலாபாய், இந்தச் செக்குக்க அடிப்பக்கம் எங்க?"

"பத்திரமாட்டு வீட்டில இருக்கு சாறே."

"வீட்டிலயா?"

"நீங்க தானே சொன்னிய, அதில கை படப்படாது, எண்ண படப்படாதுண்ணு. எனக்க கையில எப்பளும் எண்ணயாக்கும். அதுனால கத்திரி வச்சு இருவத்தஞ்சு தாளுக்கும் வெட்டி எடுத்து, நகப்பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டியாச்சு."

வங்கி முழுவதும் சிரித்ததாம். சார் சிரிக்கவில்லை. அக்காவுக்குப் புதிய புத்தகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வெட்டிய பட்டைகளில் ஒன்றை மட்டும் தனக்கு வாங்கி வைத்துக்கொண்டார். அதை எதற்கு வாங்கினார் என்று யாரும் கேட்கவில்லை. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அன்பர்களே, காசோலையின் படம் திரையில் வந்ததும் ஒரு எழுத்தர் என்ன செய்ய வேண்டும்? இடது பக்கம் காசோலை. வலது பக்கம் நீங்கள் கணக்குத் தொடங்கும்போது போட்ட மாதிரிக் கையெழுத்து. இரண்டும் ஒத்திருந்தால் ஒரு பொத்தான். ஒத்திராவிட்டால் இன்னொரு பொத்தான். எங்களுக்கு ஒரு காசோலைக்குச் சராசரி ஒன்பது நொடி ஆகும். சாருக்கு நான்கு நிமிடம். ஏனென்றால் அவர் போனை எடுப்பார்.

மர மில் ராஜன் அண்ணனுக்கு ஒருநாள் போன் செய்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"ஓய் சம்சயம், எனக்க பைசாவ நான் கொடுக்கதுக்கு ஒமக்க அனுமதி வேணுமா?"

"வேண்டாம் மக்கா. எழுதினது நீ தானாண்ணு தெரிஞ்சா போதும். ஒனக்க ஏழு மாறியிருக்கு."

"ஏழா?"

"நீ ஏழுக்கு நடுவில ஒரு கோடு போடுவ. இதில கோடு இல்ல."

"கையில ஆணி கேறிச்சு ஓய். கெட்டுப் போட்டிருக்கேன். கோடு போட ஒக்காது."

"ஊசி போட்டியா?"

"இல்ல."

"அப்போ செக்கு பாஸ். நீ ஆஸ்பத்திரிக்குப் போ."

நகரத்திலுள்ள செயலாக்க மையத்திலிருந்தும் அவருக்கு அழைப்பு வரும். "சாறே, இமேஜ் கிளியர் ஆணல்லோ, பின்னெ எந்தா தாமசம்?" என்று தாமதத்துக்குக் காரணம் கேட்பார்கள். "படம் தெளிவாட்டுத்தான் இருக்கு. ஆளு தெளிவாட்டு இல்ல" என்று சொல்லிப் போனை வைப்பார்.

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. பச்சை அட்டை. மேசையின் இழுப்பறையில் இருக்கும். போன் பேசி முடித்ததும் அதை எடுத்து இரண்டு வரி எழுதுவார். யாராவது பக்கத்தில் வந்தால் மூடிவிடுவார். என்ன எழுதுகிறார்? எதற்கு எழுதுகிறார்? வங்கியில் பதிவேடுகள் இல்லையா? இந்தக் கேள்விகள் எனக்கு வந்தன. இவ்வளவு நேரம் அவருடைய சந்தேகத்தைப் பற்றிச் சொன்னேன். இனி என்னுடைய சந்தேகத்தைச் சொல்ல வேண்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு காசோலை எழுதினேன். அது எதற்கு, யாருக்கு என்று இந்தச் சபையில் சொல்ல மாட்டேன். அது என் சொந்த விஷயம். என் மேசையிலிருந்த போன் ஒலித்தது. எடுத்தால் சார். இரண்டு அடி தூரத்தில் இருந்துகொண்டு, என் பக்கம் திரும்பாமல் போனில் கேட்டார்.

"அனகா, ஒனக்க செக்கு ஒண்ணு வந்திருக்கு. நீ தான் போட்டதா?"

"நான்தான்" என்றேன்.

"செரி" என்று வைத்துவிட்டார். பிறகு இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்தார்.

என் காசோலையைப் பற்றி இவர் என்ன எழுதுகிறார்? யாரிடம் காட்டுவார்? என் விஷயங்களை மற்றவர்கள் அறிவதை விரும்பாதவள் நான். அன்றிலிருந்து அந்தப் பச்சை நோட்டை நான் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன்.

சென்ற ஆண்டு ஆகஸ்டில், ஓணத்துக்கு முன்பு, செயலாளருக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. சதாசிவன் கணக்குதாரர்களின் அந்தரங்க விவரங்களைத் தனி நோட்டில் குறித்து வைக்கிறார், காசோலைகளை வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறார், அவருடைய நோக்கம் சந்தேகத்துக்குரியது என்று அதில் இருந்தது. கணினி தெரிந்தவள் என்பதால் அறிக்கை தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

அந்தக் கடிதத்தை நான் நம்பினேன். ஏன் நம்பினேன்? நான் மனதில் நினைத்துக்கொண்டிருந்ததையே அது சொன்னது, அதனால் நம்பினேன். யார் எழுதியது என்று கேட்டேனா? இழுப்பறைக்குள் இருக்கும் நோட்டு வெளியாளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேனா? மூன்றாம் கவுண்டரின் முன்னால் நெடுநேரம் நின்று உள்ளே எட்டிப் பார்த்தவருக்கு மட்டும்தானே அது தெரிந்திருக்க முடியும்? சாராக இருந்தால் முதல் கேள்வியே அதுவாக இருந்திருக்கும். நான் கேட்கவில்லை.

பதினொரு பக்கம் எழுதினேன். ஒன்பது நொடியையும் நான்கு நிமிடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, 'காரணமற்ற தாமதம்' என்று எழுதினேன். நோட்டிலிருந்து மூன்று பக்கங்களைப் படம் எடுத்து இணைத்தேன். 'கை நடுங்குகிறது', 'மருமகன் கூடவே வருகிறான்', 'இனி விசாரிக்க வேண்டும்' என்ற வரிகளுக்குக் கீழே சிவப்பில் கோடு போட்டேன். நோட்டு உறையிலிடப்பட்டு அலமாரிக்குப் போனது. விசாரணை முடியும்வரை சார் பெருங்கடவிளைக் கிளைக்கு மாற்றப்பட்டார். அங்கே அவருக்கு லாக்கர் அறையைத் திறந்து மூடும் வேலை. காசோலையைத் தொடக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு.

போகிற அன்று மேசையைக் காலி செய்தபடியே என்னிடம் பேசினார்.

"மக்கா, நீ எழுதினத வாசிச்சேன். நல்லா எழுதியிருக்க. பிழை ஒண்ணும் இல்ல. ஒரு குறை உண்டு."

"என்ன குறை சார்?"

"நோட்டில நூத்தி எம்பத்திமூணு பக்கம் இருக்கு. நீ மூணு பக்கம் வாசிச்ச. அந்த மெஷினும் நீயும் ஒரே பள்ளிக்கூடமாக்கும்."

பிறகு குடையை எடுத்துக்கொண்டு, "வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அன்று வெட்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

அக்டோபரில் புதிய முறை தொடங்கியது. இப்போது காசோலை சில மணி நேரத்தில் தீர்ந்துவிட வேண்டும். குறித்த நேரத்துக்குள் நாம் பதில் சொல்லாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள். பதில் சொல்லாமல் இருந்தாலே சம்மதம். சார் இதைக் கேட்டு என்ன சொல்லியிருப்பார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அவருடைய நாற்காலியில் அப்போது நான் இருந்தேன்.

ஒரு புதன்கிழமை பகல். விஜயம்மா அவர்களின் காசோலை திரையில் வந்தது.

விஜயம்மா இங்கே மூன்றாவது வரிசையில் இருக்கிறார். கொல்லயிலில் தனியாக வாழ்பவர். எழுபத்தொரு வயது. தென்னந்தோப்பின் தெற்கு மூலையை விற்று, ஒழுகாத ஒரு வீடு கட்டுவதற்காக அந்தப் பணத்தை நம் வங்கியில் போட்டிருந்தார். அவர் பெயரைச் சொல்லலாமா என்று நேற்று வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "சொல்லு மக்கா, எனக்க பேரச் சொல்லியே சொல்லு. ஒளிச்சு வச்சதுனாலதான் இந்தக் கெதி" என்றார்.

வெள்ளைப் பட்டை சரியாக இருந்தது. எண் சரியாக இருந்தது. தேதி சரி. கையெழுத்தும் சரி. அது விஜயம்மா தன் கையால் போட்ட கையெழுத்தேதான். மின் இணைப்பின் பெயர் மாற்றம் என்று சொல்லி உறவினர் ஒருவர் நீட்டிய ஐந்தாறு தாள்களுக்கு நடுவில், எதுவும் எழுதாத காசோலை ஒன்றும் இருந்திருக்கிறது. எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எனக்கு அது தெரியாது. படம் தெளிவாக இருந்தது. நான் பொத்தானை அழுத்தினேன். எத்தனை நொடி ஆனது என்று பிறகு கணினியில் பார்த்தேன். ஒன்பது.

கொத்தனாருக்குக் கொடுக்கப் பணம் எடுக்க அவர் வந்தது அதற்கு இரண்டு வாரம் கழித்து. கணக்கில் எதுவும் இல்லை. இன்றும் அந்த வீட்டுக்கு அஸ்திவாரம் மட்டும்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது முதல் முயற்சி இல்லை. ஜூலையிலேயே விஜயம்மாவின் பெயரில், அதே உறவினருக்கு ஒரு காசோலை வந்திருக்கிறது. அதில் கையெழுத்து வரைந்ததுபோல் இருந்தது. சார் போன் செய்தார். "நான் ஆருக்கும் ஒண்ணும் எழுதல்லியே சாறே" என்றார் விஜயம்மா. காசோலை திரும்பியது. குடும்பத்துக்குள் அழுகையும் மன்னிப்பும் நடந்தன. 'வீட்டுக் காரியம், வெளியே சொல்ல வேண்டாம்' என்று விஜயம்மா கெஞ்சினார். சார் வாக்குக் கொடுத்தார். வங்கியில் யாரிடமும் சொல்லவில்லை. நோட்டில் மட்டும் எழுதி வைத்தார். என் கருத்தில் அது அவர் செய்த தவறு. இரங்கல் கூட்டத்தில் இதைச் சொல்லலாமா என்று நீங்கள் நினைக்கலாம். சொல்லாவிட்டால் அவர் கோபித்துக்கொள்வார்.

ஜூலையில் காசோலை திரும்பியது. மூன்று வாரத்தில் மொட்டைக் கடிதம் வந்தது. செப்டம்பரில் சார் போனார். அக்டோபரில் பணம் போனது. கடிதத்தை யார் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. காவல் நிலையத்தில் புகார் இருக்கிறது, அவர்கள் கண்டுபிடிக்கட்டும். ஆனால் எனக்குச் சந்தேகம் உண்டு. அந்தக் கடிதத்தை எழுதியவர் இன்று இந்தக் கூடத்தில் உட்கார்ந்து தீர்மானத்தைக் கையில் பிடித்திருக்கிறாரோ என்றும் சந்தேகம் உண்டு. அவருக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் கடிதம் வேலை செய்ததற்கு உங்கள் கெட்டிக்காரத்தனம் காரணமில்லை. நான் காரணம்.

செய்தி தெரிந்ததும் சார் பெருங்கடவிளையிலிருந்து இரண்டு பஸ் மாறி விஜயம்மா வீட்டுக்கு வந்தார். புகார் எழுதிக் கொடுத்து, கூடவே காவல் நிலையத்துக்கும் போனார். என்னைப் பார்க்க வரவில்லை. மறுநாள் நான்தான் போன் செய்தேன்.

"சார், அந்தக் காசோலையை நான்தான் பாஸ் பண்ணினேன்."

"தெரியும். ஆரு அழுத்தினதுண்ணு அதில வரும்லா."

பிறகு அவர் கேட்டார். "கையெழுத்து செரியா இருந்துதா?"

"சரியா இருந்தது."

"அப்போ மெஷினும் செரி, நீயும் செரி. விஜயம்மாவுக்குத்தான் வீடு இல்ல." போனை வைப்பதற்கு முன், "நீயும் ஒரு நோட்டு வாங்கு மக்கா" என்றார்.

நான் வாங்கவில்லை. நாளைக்கு வாங்கலாம், விசாரணை முடியட்டும், அவர் திரும்பி வரட்டும் என்று தள்ளிப்போட்டேன். சென்ற மாதம் பதினொன்றாம் தேதி காலை, பெருங்கடவிளைக்குப் பஸ் ஏற நிற்கும்போது அவருக்கு நெஞ்சு வலித்தது. ஐம்பத்தேழு வயது. ஓய்வுக்கு ஓர் ஆண்டுதான் இருந்தது.

இப்போது அந்த விசாரணைக் கோப்பு என்ன ஆகும்? இறந்தவர் மேல் விசாரணை கிடையாது, கோப்பை மூடிவிடலாம் என்று சொல்கிறார்கள். நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் மூடினால் அவருடைய பணிப்பதிவேட்டில் என்ன இருக்கும்? 'விசாரணை நிலுவையில் இருக்கையில் காலமானார்' என்று இருக்கும். குற்றவாளி என்று இருக்காது. குற்றமற்றவர் என்றும் இருக்காது. முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்த ஒரு மனிதரைப் பற்றிக் கடைசி வார்த்தையாக என் பதினொரு பக்கம் இருக்கும். யாரும் பதில் சொல்லாமல் இருந்தால் சம்மதம் என்று ஆகிவிடுமே, அதே முறைதான் இதுவும். இதற்கு நான் சம்மதிக்கவில்லை.

துக்கம் கேட்கப் போன அன்று சங்கரி அம்மா என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. "மக்கா, அந்த நோட்டு கிட்டுமா? பன்னிரண்டு வருசமாட்டு எனக்குக் காட்டாம எழுதினாரு. அதில என்னத்த எழுதினாருண்ணு எனக்கும் ஒரு சம்சயம் உண்டு" என்றார். அழுதுகொண்டிருந்தவர்கள் சிலர் சிரித்துவிட்டார்கள். செயலாளரிடம் அனுமதி வாங்கி, போன வியாழக்கிழமை பகல் முழுவதும் பதிவறையில் உட்கார்ந்து நூற்று எண்பத்து மூன்று பக்கத்தையும் வாசித்தேன்.

முதல் பக்கத்தில் லீலாபாய் அக்காவின் வெள்ளைப் பட்டை ஒட்டியிருக்கிறது. அதன் கீழே சார் எழுதியிருக்கிறார். 'என் பிழை. எப்படி என்று சொன்னேன், எதற்கு என்று சொல்லவில்லை. இனி எதற்கு என்று முதலில் சொல்ல வேண்டும்.' மறுபக்கத்திலிருந்து உங்கள் பெயர்கள் வருகின்றன. யாருடைய கணக்கிலும் எவ்வளவு இருக்கிறது என்று ஓரிடத்தில்கூட இல்லை. நான் அதைத் தேடித் தேடிப் பார்த்தேன். சந்தேகத்தோடுதான் பார்த்தேன். இல்லை. கண் புரை எடுத்தவரின் கையெழுத்து சாய்ந்திருக்கிறது, இரண்டு மாதம் அப்படித்தான் இருக்கும், திருப்பி அனுப்ப வேண்டாம். ஒருவர் மகன் வெளிநாடு போனபின் தானே எழுதத் தொடங்கியிருக்கிறார், எழுத்து வேறாக இருக்கும். ராஜன், ஆணி, ஊசி போட்டாயிற்று. நான் சிவப்புக் கோடு போட்ட 'கை நடுங்குகிறது' என்ற வரிக்கு அடுத்த வரியை நான் படம் எடுக்கவில்லை. 'பக்கவாதமாக இருக்கலாம், வீட்டில் சொன்னேன், டாக்டரிடம் கொண்டுபோனார்கள்' என்று இருக்கிறது.

நூற்று எண்பத்தோராவது பக்கத்தில் விஜயம்மா. 'சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்திருக்கக் கூடாது. அடுத்த தடவை வரைந்த கையெழுத்தோடு வர மாட்டான். கவனமாக இருக்க வேண்டும்.' இதற்குப் பிறகு இரண்டே பக்கங்கள். பிறகு நான் எடுத்து உறையில் போட்டுவிட்டேன்.

தலைவர் அவர்களே, இந்தத் தீர்மானத்தில் ஊழியர்கள் எல்லாரும் கையெழுத்திட வேண்டும் என்று சொன்னார்கள். மூன்றாவது வாக்கியம் அப்படியே இருந்தால் நான் கையெழுத்திட மாட்டேன். 'முழு ஒத்துழைப்பு நல்கியவர்' என்பதை எடுத்துவிடுங்கள். 'கேட்காமல் எதையும் அனுமதித்துவிடாதவர்' என்று எழுதுங்கள். என் அறிக்கையைத் திரும்பப் பெறும் கடிதத்தை நாளைக் காலை கொடுக்கிறேன். கோப்பை மூட வேண்டாம், நூற்று எண்பத்து மூன்று பக்கத்தையும் வாசித்து விசாரணையை முடியுங்கள் என்று அதில் கேட்டிருக்கிறேன். அதனால் எனக்கு என்ன வரும் என்று தெரியாது. வரட்டும். நோட்டு சங்கரி அம்மாவுக்குப் போய்ச் சேர வேண்டும், விசாரணை முடிந்த மறுநாளே.

கணக்குதாரர்களே, இயந்திரத்தை நிறுத்த என்னால் முடியாது. நிறுத்த வேண்டும் என்றும் சொல்லவில்லை. அது தன் பட்டையைச் சரியாகத்தான் படிக்கிறது. பட்டைக்கு மேலே இருப்பதை இனி நான் படிக்கிறேன். இயக்குநர் குழு என்னை அந்த நாற்காலியில் விட்டுவைத்தால், உங்களுக்கு ஒரு போன் வரும். நீங்கள்தான் எழுதினீர்களா என்று கேட்பேன். திட்டுங்கள், தாமதம் என்று புகார் எழுதுங்கள், பெயர் போட்டு எழுதுங்கள். ஆனால் போனை எடுங்கள். எதற்குக் கேட்கிறேன் என்பதை முதலில் சொல்வேன்.

ஒரு பக்கம் மிச்சம் இருக்கிறது. நூற்று நாற்பத்தொன்பது. அதை மட்டும் வாசித்துவிட்டு முடிக்கிறேன்.

'அனகா. அடுத்த மேசை. கையெழுத்து அவளுடையதுதான். எப்போதும் ஒரே இழுப்பில் போடுவாள். இன்று இரண்டு இடத்தில் பேனா நின்றிருக்கிறது. மற்றவர்கள் கேட்கக் கூடாதென்று போனில் கேட்டேன். தான்தான் என்றாள். பாஸ். பிள்ளைக்கு என்னவோ சங்கடம். என்ன என்று கேட்கக் கூடாது.'

அவர் கேட்கவில்லை. கடைசிவரை கேட்கவில்லை.

அந்த அறிக்கையை எழுதியது யார் என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால், நான்தான். விஜயம்மாவின் காசோலையைப் பாஸ் பண்ணியது யார் என்று சந்தேகம் இருந்தால், அதுவும் நான்தான். நேற்றுப் பாறசாலைக் கடையில் பச்சை அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறேன். நாளைக் காலை பத்து மணிக்கு மூன்றாம் கவுண்டரிலிருந்து உங்களுக்குப் போன் வந்தால், யாரோ என்று சந்தேகப்படுங்கள். பெயரைக் கேளுங்கள். சொல்கிறேன்.

வணக்கம்.